சேவலுக்குப் பிடிக்காத கை

எங்கள் வீட்டுச் சேவல் என்னை மட்டும்தான் கொத்தும். ஏனென்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. தீனி வைப்பவள் நான். குஞ்சாக இருந்தபோது குளிர் தாங்காதே என்று என் அறையில், அடியில் சூடேற்றும் தரைமேல் அட்டைப்பெட்டி போட்டு வளர்த்தவளும் நான். ஆனால் என் மாமியார் கூட்டுக்குள் போனால் அது ஒதுங்கி வழிவிடும். நான் போனால் ஒரு சிறகைத் தரையில் உரசவிட்டுப் பக்கவாட்டில் நடக்கும். சேவல் அப்படி நடந்தால் அடுத்துப் பாயப்போகிறது என்று பொருள், ஐயா.

மாமியாருக்கு அது ஒரு வேடிக்கை.

"சேவலுக்கே உன்னக் கண்டா ஆகல பாரு, பில்யோ. என் புள்ள எப்படித்தான் உங்கூட இத்தன வருசம் குப்ப கொட்டினானோ" என்பார்.

என் கணவர் இறந்துபோனபிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்கு எதையும் காரணம் தெரியாமல் விட மனம் வராது. முதலில் தலைத்துணியை மாற்றிப் பார்த்தேன். பாய்ந்தது. பூப்போட்ட கால்சட்டைக்குப் பதில் மாமியாரின் சாம்பல் நிறக் கால்சட்டையைப் போட்டேன். அப்போதும் பாய்ந்தது. ஒருநாள் கையுறை போட மறந்து போனேன். சேவல் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறத் தொடங்கியது.

கையுறைதான். ஊரில் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் தொங்குமே, அந்தச் சிவப்பு ரப்பர் கையுறை. கோழி இனத்துக்குச் சிவப்பு நிறம் நன்றாகத் தெரியும். எங்கள் சேவலுக்கோ அந்தச் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான். அந்தக் கை உள்ளே வந்தால் ஒரு பெட்டை வெளியே போகும், திரும்பி வராது.

நாத்தனாரின் புருஷன் ப்யோ வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமியார் சொல்வார்: "மாப்பிள்ள வாராரு. முட்ட இடுற கோழியாப் பாத்துப் புடி. கெழட்டுக் கோழிய அடிச்சுப் போட்டா நம்ம மானம் போயிரும்."

வழக்கம் அது. நான் குறை சொல்லவில்லை. நான் பிடிப்பேன், அவர் சமைப்பார், ப்யோ சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டையாவது வேண்டும். குறையக் குறைய, இருப்பதைக் காக்க அதன் கோபம் ஏறும். இதை மாமியாரிடம் நான் பலமுறை விளக்கினேன். "கோழிக்கு வக்கீலா நீ?" என்று கேட்டார். இலையுதிர்காலம் முடியும்போது ஒரே ஒரு பெட்டை மிஞ்சியது. என் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து கால்விரலுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்ளும்.

முரட்டுச் சேவலை அடக்குவது சுலபம். உதைக்கக் கூடாது, உதைத்தால் சண்டைக்கு அழைத்ததாக எடுத்துக்கொள்ளும். பின்வாங்கவும் கூடாது, பின்வாங்கினால் தான் ஜெயித்ததாக நினைக்கும். அமைதியாகத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் கோபம் அடங்கும்வரை நடக்க வேண்டும். காலில் வளரும் முள்ளின் நுனியை அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும்.

நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். காலைதோறும் கையுறையை மாட்டிக்கொண்டு போனேன். அது பாயும். பின்வாங்குவேன். பூட்ஸ் முழங்கால் வரை இருந்ததால் எனக்குக் காயமில்லை. முள்ளைத் தொடவே இல்லை. அது நன்றாக வளர்ந்தது.

மாமியாருக்குக் காலில் நரம்புச் சுருட்டல். பச்சைப் புழுக்கள் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். இதயத்துக்காக, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிட்டார். சுகாதார நிலையத்து நர்ஸ் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: அந்த நரம்பில் காயம் பட்டால் உடனே படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, அழுத்திப் பிடிக்க வேண்டும். உட்காரவைத்தால் இரத்தம் நிற்காது. நல்ல பெண். விளக்கத் தெரிந்தவள்.

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய், அதுதான் கிம்ச்சி, போடும் நாள் வந்தது. மறுநாள் ப்யோ வருவதாக இருந்தது. மாமியார் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உப்பில் ஊறிய முட்டைக்கோஸை அலசிக்கொண்டிருந்தார். முதுகு பிடித்துக்கொண்டது, கோழி பிடிக்கக் குனிய முடியாது என்றேன். உண்மையில் அவ்வளவு வலியில்லை.

"சரி, நீ உக்காரு. நானே புடிக்கிறேன்" என்றார். "மாப்பிள்ளைக்குப் பன்னிக்கறி போதும். இந்தக் கோழி உனக்குத்தான். இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு சூப்பு வச்சுத் தரேன், குடிச்சாத்தான் முதுகு நிக்கும்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்தேன். எனக்காக என்றாலும் அது அந்தப் பெட்டைதானே.

"வெறுங்கையோட போகாதீங்க அத்த, வெறச்சுப் போயிரும்" என்று சொல்லி, கையுறைக்குள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டேன்.

கூட்டிலிருந்து அவர் தானே நடந்து வந்தார். கெண்டைக்காலில் சேவலின் முள் இறங்கிய சிறிய ஓட்டைதான். "படுக்கட்டுமாடி?" என்று கேட்டார்.

"தர ஈரம் அத்த. சின்னக் கீறல்தான், இப்படி உக்காருங்க" என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தேன். பிறகு முட்டைக்கோஸின் மடல்களை விரித்து மிளகாய் விழுது தடவத் தொடங்கினேன். என் கையும் சிவப்பு, அவர் கையும் சிவப்பு, தரையும் சிவப்பு.

"அது என்னைக் கொத்துனதே இல்லியேடி" என்றார், குரல் தேய்ந்துபோய். "இன்னிக்கு என்னாச்சு அதுக்கு?"

கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த வீட்டில் என்னிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. தலைத்துணியில் தொடங்கி, கால்சட்டை, கையுறை, நிறம், பெட்டைகளின் கணக்கு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவசரப்படவில்லை. அவர் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். அதன்பின் எதுவும் கேட்கவில்லை. மிச்சமிருந்த முட்டைக்கோஸை முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

உங்கள் ஸ்டேஷனில் சேவலை வெட்டிவிடச் சொல்கிறார்களாம். வேண்டாம், ஐயா. அதன்மேல் குற்றமில்லை. சிக்கல் கையுறையில்தான் இருந்தது. அதை என் கையிலிருந்து கழற்றி அவர் கையில் மாட்டினேன். அதற்குப் பிறகு சேவல் என்னைக் கொத்தவே இல்லை.