பொய் அட்ரஸ்

"பொய் அட்ரஸ்னு தெரிஞ்சேதான் வெளியே விடறோம்க்கா" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். காலை ரயில் ஊரப்பாக்கத்தைத் தாண்டியிருந்தது. சொன்னவர் வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு தரும் ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய பக்கத்து வீட்டுக் கல்லூரி ஆசிரியை. முந்தின நாள் யாரோ அனுப்புகிற கம்ப்யூட்டரின் முகவரியைப் பொய்யாகப் போட்டு லட்சக்கணக்கில் தகவல் அனுப்பி, ரிசல்ட் போட்டிருந்த கல்லூரி வெப்சைட்டையே முடக்கிவிட்டார்களாம்.

"பிள்ளைங்க அழுதுட்டாங்க, தம்பி. உங்க கஸ்டமர் அப்படி அனுப்பினா நீங்க நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தலாம்க்கா. எங்ககிட்டேருந்து கிளம்பும்போதே பொய்னு தெரிஞ்சுடும், வெளியே போயிட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா அதுல நல்லது வெளியில இருக்கறவங்களுக்குத்தான். தப்பித்தவறி நல்ல கஸ்டமரை நிறுத்திட்டா, அவர் எங்ககிட்டதான் வந்து கத்துவார். தேங்க்ஸ் சொல்ல யாரும் வர மாட்டாங்க."

பெருங்களத்தூரில் கூட்டம் ஏறியது. ஆசிரியை விடவில்லை.

"உங்களுக்கே அப்படி வந்தா?"

"போன வாரம் வந்துச்சே. நாள் பூரா எங்க நெட்டே படுத்துடுச்சு."

"யார் அனுப்பினது?"

"எப்படித் தெரியும்? எல்லாம் பொய் அட்ரஸ். அவனுக்கு நெட் குடுத்த கம்பெனியாவது நிறுத்தியிருக்கலாம். யாருக்குமே பொறுப்பு இல்லக்கா" என்றார் இன்ஜினியர், உண்மையான வருத்தத்தோடு.