நாலாவது பச்சைக் கதவு

மூணு தடவை சார்! ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல… மூணு தடவை திருப்பிக் குடுத்துட்டேன். மூணு தடவையும் கொண்டாந்து இதே கதவு இடுக்குல சொருகிட்டுப் போகுது அந்தப் பொண்ணு! தபால்காரப் பொண்ணுதான், மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு சைக்கிள்ல வருமே. நேத்து காலையில குடுத்தேன், மத்தியானம் திரும்பி வந்துச்சு. மத்தியானம் குடுத்தேன், சாயங்காலம் வந்துச்சு. இன்னைக்குக் காலையில வாசல்லயே மறிச்சு, "ஏம்மா, இதெல்லாம் ஒன்பதாம் நம்பர் வீட்டு லெட்டர், இது நாலாம் நம்பர் வீடு"ன்னு தன்மையா எடுத்துச் சொல்லிக் கையில குடுத்தேன் சார். என்னை ஏற இறங்கப் பாத்துச்சு. "தாத்தா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"ன்னு கேட்டுட்டு, மறுபடியும் சொருகிட்டுப் போயிடுச்சு. தாத்தாவாம்! ரிட்டயர் ஆகி ஒன்பது மாசம்தான் ஆகுது.

அட, வாசல்லயே நிக்கிறீங்களே! உள்ள வாங்க. பெட்டியை அப்படி ஓரமா வைங்க. பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கீங்களா? இருங்க இருங்க, மெதுவா சொல்லலாம், முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம் சார், அதுல ஒரு கால்… அடேங்கப்பா! எப்படி சார், கரெக்டா சுவத்துல சாய்ச்சுப் போட்டு உக்காந்துட்டீங்க! எனக்கு அது பிடிபட ஒன்றரை நாளாச்சு. முதல் நாள் டீயோட சேந்து விழுந்தேன்.

நான் யாருன்னு சொல்லலையே. தபால்காரன் சார். முப்பத்தொரு வருஷம். பெருமைக்குச் சொல்லலை… சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். முப்பத்தொரு வருஷத்துல ஒரு லெட்டரை மாத்திப் போட்டதில்ல. அட்ரஸ்ல பாதி மழையில அழிஞ்சு போயிருக்கும், மீதியை ஏதோ டாக்டர் எழுதியிருப்பாரு, அதைக்கூடக் கொண்டு சேத்திருக்கேன். ஒருத்தர்கிட்ட வழி கேட்டதில்ல. தபால்காரன் வழி கேட்டா, அப்புறம் ஊரு யார்கிட்ட சார் கேக்கும்? பேரையெல்லாம் நான் பாக்கவே மாட்டேன். நம்பர் மட்டும்தான். ஆளு மாறுவாங்க, குடி மாறுவாங்க, நம்பர் மாறாது. அந்தத் தொழில்ல இருந்துட்டு, ஒன்பதாம் நம்பர் லெட்டரை நாலாம் நம்பர்ல போடறதைப் பாத்தா வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க!

சொல்ல வேண்டாம், டீ குடிங்க. சக்கரை எவ்வளவு? இந்த வீட்ல சக்கரை எங்க இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்துல! வாடகைக்கு விடற வீட்டை இப்படியா வைப்பாங்க? எல்லா டப்பாவையும் கீழ இறக்கி, துடைச்சு, தபால் பிரிக்கிற மாதிரி மேல் வரிசை, கீழ் வரிசை, இடது, வலதுன்னு பிரிச்சு அடுக்கினேன். அரை நாள் போச்சு. இனிமே இந்த வீட்டுக்கு எவன் வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு உப்பை எடுக்கலாம். எவனாவது ஒருத்தன் எனக்கு நன்றி சொல்லுவான்.

ஓய்வெடுக்கத்தான் சார் வந்தோம். என் வீட்டுக்காரிக்கு ஏரின்னா உசிரு. கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து, "கோடையில ஒரு தடவையாவது மலை மேல, ஒரு ஏரிக்கரையில, நாலு நாள் சும்மா உக்காந்திருக்கணும்"பா. நானும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு முப்பது வருஷம் ஓட்டிட்டேன். லீவு கிடைச்சாலும் அவ தம்பி வீட்டு மொட்டை மாடிதான் எங்களுக்கு ஊட்டி. என் மச்சினன் இருக்கானே… நல்லவன்தான், ஆனா வாய் இருக்கு பாருங்க, ஒரு பேட்டைக்கே போதும். போன மாசம் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொல்றான்: "அத்தான் ஊர் லெட்டரையெல்லாம் கொண்டு சேப்பாரு, எங்க அக்காவை ஒரு இடத்துக்குக் கொண்டு சேக்க மாட்டாரு." எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சிட்டுக் குனிஞ்சு தட்டைப் பாத்தா பாருங்க… நான் தட்டைத் தள்ளி வச்சுட்டேன் சார்.

அங்கயே எழுந்து நின்னு சொன்னேன். "இந்தத் தடவை எல்லா ஏற்பாடும் என்னுது. அவ ஒருத்தரையும் ஒண்ணும் கேக்க வேண்டாம். கையை வீசிட்டு வரட்டும். ஒரு தப்பு நடந்தா, ஆயுசுக்கும் லீவுன்னா உன் வீட்டு மொட்டை மாடிதான், போ!" பந்தயம். வாக்குக் குடுத்தாச்சு. அதனாலதான் சார் இந்த லெட்டர் விஷயத்துல கூட நான் விடாம நிக்கிறேன். ஒரு சின்னக் குறை கூட இருக்கக் கூடாது.

வீடு கண்டுபிடிச்சதைக் கேளுங்க. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா போன்ல ஒரே வரிதான் சொன்னாங்க. "நம்ம தெருவுல நாலாவது வீடு, பச்சைக் கதவு, பூத்தொட்டிக்கு அடியில சாவி இருக்கும், திறந்துக்கோங்க, நான் மறுநாள் வரேன்." வந்து பாத்தா இந்தத் தெருவுல பன்னெண்டு வீடு, பன்னெண்டும் பச்சைக் கதவு! பன்னெண்டு வாசல்லயும் பூத்தொட்டி! வேற ஒருத்தனா இருந்தா நடுத்தெருவுல திருதிருன்னு முழிச்சிருப்பான். அவ கூட, "அந்த டீக்கடையில கேக்கலாமே"ன்னா. கேக்கறதாவது! நம்பர்ப் பலகையெல்லாம் கொடி படர்ந்து மூடியிருக்கு, அதனால என்ன? தபால் ஆபீஸ் எந்த மூலையில இருக்குன்னு பாத்தேன். மேல் மூலை. எந்தத் தெருவா இருந்தாலும் நாங்க அங்க இருந்துதான் எண்ணுவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தொட்டியைத் தூக்கினேன். சாவி! "பாத்தியா?"ன்னேன். அவ முகத்துல வந்த சிரிப்பைப் பாக்கணுமே சார் நீங்க.

அப்புறம் உள்ள வந்ததும்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. அலமாரி முழுக்க யாரோ துணியை விட்டுட்டுப் போயிருக்கான். குளியலறையில பிரஷ், சவரக் கத்தி… முன்னாடி தங்கினவன் அவ்வளவு அவசரமா கிளம்பியிருக்கான்! வீட்டுக்காரம்மா வரேன்னாங்க, ரெண்டு நாளா ஆளையே காணோம். போன் பண்ணலாம்தான். பண்ணினா குறை சொன்ன மாதிரி ஆயிடும், அவ காதுல விழும். அதனால எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். இந்த ஸ்வெட்டர் மட்டும் வெளிய வச்சுக்கிட்டேன், காலையில நல்லாக் குளுருது. எப்படி, நமக்குன்னு தைச்ச மாதிரி இல்ல? கைதான் கொஞ்சம் நீளம்.

சுவர் பூரா ஒரே மீசைக்காரர் போட்டோ வேற! மீசைக்காரர் மீனோட, மீசைக்காரர் படகுல, மீசைக்காரர் கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு… சாப்பிடும்போது என் தட்டையே முறைக்கிறாரு. எல்லாத்தையும் திருப்பி மாட்டிட்டேன். இந்தப் பூனையும் அப்படித்தான், முதல் நாள்ல இருந்து என்னைப் பாத்தா சீறும்… அட, இங்க பாருடா! நேரா உங்க மடியில வந்து படுத்துக்கிச்சு! கொஞ்சறதைப் பாரேன்.

ஆனா ஏரி இருக்கே சார்… ஏரியில ஒரு குறை சொல்ல மாட்டேன். நேத்து ரெண்டு பேரும் படகுத்துறைப் படிக்கட்டுல உக்காந்து தண்ணியில காலை விட்டுக்கிட்டு இருந்தோம். மீன் வந்து குதிகாலைக் கடிச்சுது. முப்பத்தொரு வருஷம் நடந்த காலு, அதுல என்னதான் கிடைச்சுதோ அதுக்கு! அவ சின்னப் புள்ளை மாதிரி கெக்கெக்கேன்னு சிரிச்சா. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார். மச்சினனை அப்பவே கூப்பிட்டுக் காட்டணும்போல இருந்துச்சு.

இன்னைக்குத்தான் அவ ஒரு மாதிரியா இருக்கா. விடிஞ்சதும் தனியா ஏரிக்குப் போனா. திரும்பி வந்து, "துணியெல்லாம் வெயில்ல காயட்டும்"னு என் சட்டை, அவ புடவை எல்லாத்தையும் பையில அள்ளிட்டுப் போனா. அப்புறம் வந்து பெட்டியை எடுத்துட்டுப் போனா. "பெட்டி எதுக்கு?"ன்னேன், "காத்தாடட்டும்"னா. மூணாவது தடவை வந்து தலகாணி! வீட்ல இருந்து கொண்டு வந்த தலகாணி. ஏரியைப் பாக்கத் தலகாணி எதுக்கு சார்? சரி, லீவுதானே, இஷ்டம்போல இருக்கட்டும்னு விட்டுட்டேன். பத்து மணிக்குப் போனவ, இன்னும் ஆளைக் காணோம்.

என்ன சார், ஏதோ சொல்ல வந்தீங்க. சொல்லுங்க. நான் ஒருத்தன், விடாம பேசிக்கிட்டே…

எது?

எது உங்க வீடு?

என்ன சார் விளையாடறீங்க, இது நாலாம்… ஏரிப் பக்கத்துல இருந்தா? ஏரிப் பக்கத்துல இருந்தா எண்ணுவாங்க! எந்த ஊர்ல சார்… இந்த ஊர்லயா. படகுத்துறைதான் முதல்ல வந்துச்சா. தபால் ஆபீஸ் அப்புறம் கட்டினதா. இருங்க. பன்னெண்டு வீடு. அந்தக் கோடியில இருந்து எண்ணினா… ஏழு… எட்டு…

ஐயையோ.

அந்தப் பொண்ணு சரியாதான் போட்டிருக்கு! மூணு தடவையும் சரியா போட்டிருக்கு சார்! அதுகிட்ட போய் நான் பாடம் எடுத்திருக்கேன்! இருங்க, இப்படி வெளிச்சத்துக்குத் திரும்புங்க… மீசையை எடுத்துட்டீங்களா? அந்த மூக்கு… அட கடவுளே, நான் உங்க வீட்ல உங்களுக்கே டீ போட்டுக் குடுத்திருக்கேன். உங்க ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு! உங்களைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன்! சிரிக்காதீங்க சார், நான் எங்க போய் முட்டிக்கறது? முப்பத்தொரு வருஷம் ஒரு லெட்டரை மாத்திப் போடாதவன், என்னை மாத்திப் போட்டுட்டேனே!

சார், ஒரே ஒரு உதவி. என் வீட்டுக்காரி வந்தா மூச்சு விடாதீங்க. என் சிநேகிதர்னு சொல்லிடறேன்… என்ன? அவளா? அவ உங்களை எங்க பாத்தா? பஸ் ஸ்டாண்டுலயா?

காலையில படகுத்துறையில வீட்டுக்காரம்மா அவளைப் பிடிச்சு, "ஏம்மா, ரெண்டு நாளா சமைச்சு வச்சுக் காத்திருக்கேன், எங்க போனீங்க"ன்னு கேட்டாங்களாமா? நீங்க இன்னைக்கு வர்றதைச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுல உங்களை அடையாளம் காட்டினதும் அவங்கதானா? அப்ப தலகாணி… பெட்டி… அட! கண்ணு முன்னாடி வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிருக்கா, நான் டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கேன்! அவர் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்கன்னு வேற சொன்னாளா? அதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்களா! எப்படி சார் பொறுத்தீங்க?

இது என்ன, சீட்டு? எனக்கா? எனக்கு லெட்டரா? கண்ணாடி எங்க… இருக்கட்டும், அவ கையெழுத்துதானே, படிச்சிடுவேன்.

"தம்பிகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீங்க என்னை ஏரிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க, எனக்கு அது போதும். ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுத்துட்டு, போட்டோவைத் திருப்பி மாட்டிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது. வழியை அவரைக் கேட்டுட்டு வாங்க, நீங்களா எண்ண வேண்டாம்."

…

ஒண்ணுமில்ல சார். ஒண்ணுமில்ல. டீ ஆவி கண்ணுல பட்டுடுச்சு. ஊருக்கெல்லாம் லெட்டர் கொண்டு குடுத்தேன், எனக்குன்னு ஒருத்தி எழுதினது இதுதான் முதல் தடவை. அதுவும் பாருங்க, சரியான ஆளுக்கு, தப்பான வீட்ல வந்து சேந்திருக்கு!

இந்தாங்க ஸ்வெட்டர். மூட்டை கட்டிலுக்கு அடியில இருக்கு. உப்பு கீழ் வரிசை, இடது பக்கம் முதல் டப்பா. அந்தத் தபால்காரப் பொண்ணு நாளைக்கு வந்தா, தாத்தா மன்னிப்புக் கேட்டாருன்னு சொல்லுங்க… வேண்டாம், நானே வந்து சொல்றேன்.

கிளம்பறேன். எந்தப் பக்கம்… இருங்க, கேக்கத்தானே சொல்லியிருக்கா. கேக்கறேன். பழக்கமில்ல, தொண்டையைக் கொஞ்சம் செருமிக்கறேன்.

சார்… இந்த நாலாம் நம்பர் வீடு எங்க இருக்கு?