விருந்து மேசையில் கிடைத்த வாக்கு

மாண்பும் மலர்ச்சியும் ஒருங்கே வாய்த்த அவைத்தலைவி யூலாலி அம்மையார் அவர்களே! கரும்பு வெட்டிக் கை காய்த்தாலும் கலகலப்புக் காயாத பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் வம்பை உதட்டிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மேடையை ஒட்டி நின்றால் ரம் முதலில் கிடைக்கும் என்று நம்பி நிற்கும் இளைஞர்களே! டெல்ஃபினின் வணக்கம்.

நாளை மறுநாள் நம் சென்ட் ஆரெல் தீவின் முதல் பொதுத்தேர்தல். இந்த வாக்குச்சீட்டை ஆளுநர் அள்ளிக் கொடுத்தாரா? அமைச்சர் அன்பால் கொடுத்தாரா? வேலைநிறுத்தம் செய்து நீங்கள்தான் கதவைத் தட்டினீர்கள். அது எங்கே திறந்தது என்று நான் சொல்கிறேன்.

லண்டனில் பதினோரு ஆண்டு நான் சமைத்த வீடு ஓர் அரசியல் காலாண்டிதழின் ஆசிரியர் வீடு. அட்டையில் படமில்லை, உள்ளே சிரிப்பில்லை. ஆனால் அமைச்சர்களின் மேசையில் அதற்கு இடமுண்டு! நம்மைப் போன்ற தீவுகளை ஆண்ட காலத்தில் எப்படி ஆள்வது என்று சொன்ன ஏடு, ஆட்சி கைநழுவும் காலத்தில் எப்படி விடுவது என்றும் சொன்னது. அதில் அச்சானது இரண்டே மாதத்தில் அரசின் கொள்கையாகும்!

அங்கே ஒரு வழக்கம். மாதம் ஒருமுறை ஆறு பேர் விருந்துக்குக் கூடுவார்கள். ஆசிரியர் தர்ஸ்பி கட்டுரையை உரக்க வாசிப்பார். மற்ற ஐவரும் மென்றுகொண்டே கேட்பார்கள். கடைசியில் “மறுப்பு உண்டா?” என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் கட்டுரை அச்சுக்குப் போய்விடும்.

ஒரு மாலை வாசித்தார்: நம் தீவின் புதிய அரசியல் சட்டத்தில், எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே வாக்கு இருக்க வேண்டும்!

நான் அப்போது புட்டிங் தட்டோடு உள்ளே வந்திருந்தேன். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே மழைக்காலம். என் வாக்கும் உங்கள் வாக்கும் அந்த மேசைமேல் ஆட்டுக்கறியோடு கிடந்தன!

மறுப்பு உண்டா? ஐவரும் கறியை மென்றார்கள். தர்ஸ்பி என்னைப் பார்த்து, “என்ன டெல்ஃபின், நீ ஏதாச்சும் சொல்றியா?” என்றார், வேடிக்கையாக.

“சொல்றேன் சார். இத இங்க யாரு படிச்சா?”

“நான்தான் வாசிச்சேனே.”

“மத்த அஞ்சு பேரும்?”

“கேட்டாங்க.”

“வெறுமனே கேட்டே ஒரு தீவோட தலையெழுத்த இவங்க முடிவு பண்ணலாம். கேட்டு ஓட்டுப் போட எங்களுக்குத் தெரியாதா? நானும்தானே கேட்டேன்? அதுவும் வாயில கறி இல்லாம, இன்னும் தெளிவா!”

சிரிக்காதீங்க லூசியன் அண்ணே, அங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்த ஐவரில் ஒருவர், ஒரு காலத்தில் மூன்று தீவுகளை ஆண்ட கிழவர் கார்ன்ஃபர்த், முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அவ மறுப்பையும் எழுதிக்கப்பா தர்ஸ்பி. வழக்கம்னா வழக்கந்தான்.”

வாதம் நடந்தது. புட்டிங் ஆறியது. அந்த வரி வெட்டப்பட்டது! வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்று இதழ் வந்தது. இரண்டு மாதம் கழித்து அதையே அமைச்சர் நாடாளுமன்றத்தில் முழங்கினார், தாமே யோசித்ததுபோல. முழங்கிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன!

ஆகவே என் மக்களே, “எனக்கு எழுத்துத் தெரியாதே” என்று எவரும் வீட்டில் முடங்காதீர்கள். ரம் கடையில் இரண்டு கட்சிப் பத்திரிகைகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். கேளுங்கள், குறுக்கே கேளுங்கள், குடைந்து கேளுங்கள்! பிறகு சின்னம் பார்த்துக் கோடு போடுங்கள். அவர்கள் ஏட்டைக் கேட்டு நம்மை ஆண்டது போதும்; இனி நம் கோட்டைக் கேட்டு ஆளட்டும்!

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. நாளை மறுநாள் விடியற்காலை வாக்குச்சாவடி வரிசையில் பார்ப்போம். எனக்கு முன்னால் மட்டும் யாரும் நின்றுவிடாதீர்கள், சொல்லிவிட்டேன். வணக்கம்!