முகாமையாளரின் கையில் கட்டிய காப்பு

பெயர்: இராமையா ஜீவராணி. வயது: 44. தொழில்: தேயிலைக் கொழுந்து பறித்தல். முகவரி: நான்காம் லயம், மேற்பிரிவு, கல்லோடைத் தோட்டம், திம்புள்ள.

மாணிக்கக்கல் கம்பனியின் முகாமையாளர் திரு. வீரக்கோனை நான் தோட்டத்தில் பிடித்து வைத்ததாக அவரது கொழும்பு அலுவலகம் பொலிசில் கொடுத்த முறைப்பாடு குறித்துச் சொல்கிறேன்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலுள்ள ஊற்றிலிருந்துதான், குடிக்கவும் குளிக்கவும் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. வேறு தண்ணீர் இல்லை. அந்த ஊற்றடியில் மாணிக்கக்கல் தோண்ட அரசாங்கம் கம்பனிக்கு அனுமதி கொடுத்தது. எங்களோடு பேசிய பிறகே தோண்டுவார்கள் என்று பிரதேச செயலக அதிகாரி சொல்லிப் போனார். பேச யாரும் வரவில்லை, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம்தான் வந்தது. அன்று காலை மாரியம்மன் திருவிழாவுக்குக் வரிசையில் நின்று மஞ்சள் நூல் காப்புக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அதன் பின்னர் முகாமையாளர் ஜீப்பிலிருந்து இறங்கி, எங்கள் வரிசையில் நின்று, சிரித்தபடி தானாகவே கையை நீட்டினார். புத்த கோயிலான பன்சலையில் ஆசீர்வாதமாகக் கட்டும் பிரித் நூல் என்று நினைத்திருக்கிறார். நீட்டிய கையை வெறுமனே அனுப்ப மனம் வராமல் கட்டிவிட்டேன். அதன் பின்னர் பெக்கோ ஓட்டும் கிஷாந்த், காப்புக் கட்டியவர் தேர் முடியும்வரை தோட்டத்து எல்லை தாண்டக்கூடாது என்று அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். "காப்பு கட்டின தோட்டத்துல நான் மண்ணு வெட்டமாட்டேங்க" என்றும் சொல்லிவிட்டார். முகாமையாளரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தது உண்மை. "அவுத்துடட்டுங்களா?" என்று கேட்டேன். சாமி காரியம், வேண்டாம் என்று அவரே தலையாட்டினார்.

அன்றிரவு அவர் தோட்டத்திலேயே தங்கினார். மறுநாள் பீலிக்குக் குளிக்கப் போனவர் எங்கள் குடங்களுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். எல்லோருக்கும் இது ஒன்றுதானா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. அதத்தான் தோண்ட வந்திருக்கீங்க" என்றேன்.

அதன் பின்னர் அவரே அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். கோயில் பந்தலில் உட்கார்ந்து பேசினோம். ஊற்றடியைத் தொடுவதில்லை, கீழ் ஓடையில் மட்டும் தோண்டுவது, வேலை முதலில் எங்கள் பிள்ளைகளுக்கு என்று முடிவானது. அரசாங்கத்துக்கு ஒருவர், கம்பனிக்கு ஒருவர், தோட்டத்துக்கு நான் என்று கையெழுத்திட்டோம். இந்த மண்ணைப் பற்றி எங்களைக் கேட்டு எழுதியது, எனக்குத் தெரிந்து, இதுவே முதல் தடவை. எனக்கு அது பெரிய சந்தோசம்.

தேர் முடிந்ததும் காப்பை நானே அவிழ்த்து, "இப்ப நீங்க போகலாங்க" என்றேன்.

"சாப்பாடு இருக்குதானே?" என்று தமிழில் கேட்டுவிட்டு, அவர் அன்னதானப் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிடித்து வைத்தோம் என்பவர்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதை வாசித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

(ஒப்பம்) இ. ஜீவராணி