கோடும் காதும்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டை எடுத்துப் போகக் கூடாது. பிடித்த பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். குறையை மனசே நிரப்பிக்கொள்ளும். பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன், சார்.

எங்கள் கம்பெனியில் ஸ்பீக்கரை வடிவமைத்து அளப்பது என் வேலை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை, நடுவில் ஸ்பீக்கர், எதிரே மைக். முழக்கத்திலிருந்து கீச்சொலி வரை ஒலியை ஓடவிட்டால் திரையில் ஒரு கோடு வரும். மேடுபள்ளம் இல்லாமல் வந்தால் நல்ல ஸ்பீக்கர். கோட்டுக்கு யார் மேலும் பாசம் கிடையாது.

கேட்டுப் பார்த்துச் சொல்வது என் தங்கை புருஷனின் வேலை. நான்தான் சேர்த்துவிட்டேன். "கோடு பாதி, காது பாதி" என்பார் முதலாளி. இரண்டும் முட்டிக்கொண்டால் மட்டும் காது பக்கம் சாய்ந்துவிடுவார்.

வருஷக்கணக்கில் பாடுபட்டு நான் ஒரு ஸ்பீக்கர் செய்தேன். கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. மாப்பிள்ளை ஒரு பாட்டைப் போட்டு, பாதியிலேயே நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதீங்க மச்சான். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு."

முதலாளி சிரித்துவிட்டார். என் ஸ்பீக்கர் பெட்டி கிடப்புக்குப் போனது.

எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே கேட்கிறதா, என் பெட்டி என்று தெரிந்து சொல்கிறாரா? குறுக்கே திரை கட்டினேன். பெட்டிகளை இடம் மாற்றினேன். ஒரே பெட்டியை மறுபடி வைத்துப் பார்த்தேன். "இது முன்னாடி வச்சதுதானே மச்சான்?" என்றார். முதலாளி சைகை காட்டுகிறாரோ என்று அவரையும் வெளியே அனுப்பினேன். திரையில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஒவ்வொரு தடவையும் என் பெட்டியைக் கண்டுபிடித்து அதே குறையைச் சொன்னார்.

கடைசியில் மைக்கைச் சற்று ஓரமாக நகர்த்தி அளந்தேன். கோட்டில் சின்னதாக ஒரு முள் துருத்திக்கொண்டு நின்றது. கீச்சொலிப் பக்கம், பல்லைக் கடிக்கிற மாதிரி என்று அவர் சொன்ன அதே இடம். அந்த அளவை அழித்துவிட்டேன்.

அளக்கிற கருவி எதுவானாலும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். மைக்கைச் சரிபார்க்கிறோம், காதை யார் சரிபார்ப்பது? முதலாளியும் நியாயம்தான் என்றார். வாராவாரம் மாப்பிள்ளைக்கு ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்தேன். சத்தம் எல்லை மீறாமல் தடுக்கிற பாகம் ஒன்று அதில் உண்டு. சோதனைக்கு இடைஞ்சல் என்று கழற்றிவைத்தேன். கீச்சொலிகளை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

"காதுக்குள்ள விசில் அடிக்குது மச்சான். வீட்டுக்குப் போனாலும் நிக்க மாட்டேங்குது."

"போகப் போகப் பழகிடும் மாப்பிள்ளை."

நம்பினார். நல்ல மனுஷர்.

தங்கைக்குத்தான் முதலில் உறைத்தது. "அண்ணா, குக்கர் பக்கத்துலயே நிக்கிறாரு, விசில் காதுல விழல. குழந்தை கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறாரு. அந்த ரூம்ல அவரை என்னதான் பண்றீங்க?"

வயசானால் அப்படித்தான் என்றேன். அவள் நம்பவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தது அவளாகத்தான் இருக்கும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

பொறாமை என்று எழுதப்போகிறீர்கள். பொறாமை இருந்தால் அவரை வேலையை விட்டே துரத்தியிருப்பேனே. பக்கத்திலேயேதான் வைத்துக்கொண்டேன். சரி, எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்தே, நிதானமாக, அவர் காதைக் கெடுத்தது நான்தான். இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். போன மாதம் கிடப்பில் இருந்த என் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டார்.

"பிரமாதம் மச்சான். சொல்றதுக்கு ஒரு குறையும் இல்ல."

அன்றைக்குத்தான் எனக்கு மனசு ஆறியது. மற்றவர்கள் பாராட்டுவதெல்லாம் ஒரு கணக்கா? அவர் காதுக்கு எதுவும் தப்பாது, சார்.