காலுறைக்கு அளவு

"செருப்பைக் கழட்டுங்க அண்ணி, உங்க கால் வேணும்."

நெடுங்காடு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் கேட்ட பேச்சு இது. நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பெண் கையில், நீலத்தில் வெள்ளை மீன்கள் ஓடும் கம்பளிக் காலுறை ஜோடி. இரண்டாவதை அப்போதுதான் ஊசியிலிருந்து கழற்றியிருந்தாள்.

"மாப்பிள்ளைக்குப் பின்னுனதை எனக்கு ஏன்டி மாட்டுற?"

"அவரு காலும் உங்க கால் அளவுதான். போன தடவை பின்னுனது மாதிரி குதிகால்லயே நின்னுடுச்சுன்னா? சாயங்காலம் பட்டாளத்துக்குக் கிளம்புறாரு. அங்க பனி கொட்டுமாம்."

"போன தடவை மீனுக்குப் பின்னால உள்ள ஓடுற நூலை, மீன்வலைக்கு இழுக்குற மாதிரி இறுக்கி இழுத்துட்ட. அது சரி, அவரு கால் அளவு உனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு பாக்க வந்தப்ப நீ நிமிந்தே பாக்கலியே."

"வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டிருந்தாருல்ல. உங்க செருப்பைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன்."

அண்ணி சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார். காலுறை குதிகாலில் ஒரு கணம் தயங்கி, வழுக்கி ஏறியது.

"ஏறிடுச்சுடி. நீ ஸ்டாப்புலயே நில்லு, நான் அவரு வீட்டுக்குப் போய்க் குடுத்துட்டு வந்துடுறேன்."

"வேணாம் அண்ணி, நானே குடுக்குறேன். முகத்தையும் ஒரு தடவை பாத்துடுறேன்."