மைனஸ் ஒண்ணு

– செருப்ப வாசல்லயே உட்டுட்டு வந்தயா கவினு? போன தடவ தட்டத் தூக்கிட்டு நேரா உள்ள வந்துட்டே, அதான் கேட்டேன்.

– உட்டுட்டேனுங்க மாமா. போன தடவையும் வாசல்லதான் உட்டேன். நீங்கதான் எங்கம்மா கையில இருந்த தட்ட வாங்கிச் செருப்பு ஸ்டேண்டு மேல வெச்சீங்க.

– நல்லா ஞாவகம் வெச்சிருக்கறே. என்ர தங்கச்சி மவனாச்சே. ரெண்டு வருசங் கழிச்சு மறுக்காவும் தட்டோட வந்துட்டே. வெத்தல பாக்கு, பழம், பூவு, மேல துண்டு வேற. தனியா வேற வந்திருக்கறே.

– அம்மா இருந்திருந்தா அவங்க கையில வந்திருக்குமுங்க. ஆரு இல்லீன்னாலும் மொதத் தட்டு தாய்மாமன் ஊட்டுக்குத்தானுங்களே வரோணும்.

– அது மரியாத தெரிஞ்ச பேச்சு. இந்த டீப்பாய் மேல வெய்யி. இன்னைக்குச் செருப்பு ஸ்டேண்டு வேண்டாம்.

– கீழ பனியன் கம்பெனில மிசின் சத்தத்தையே காணமுங்களே மாமா. செவ்வாக்கெழம, ஷிப்டு நேரம்.

– லீவு உட்டிருக்கறேன். அத உடு. நெம்பரச் சொல்லு.

– எந்த நெம்பருங்க?

– வெளையாடாத. நாங் கேட்ட நெம்பரு. சிபில் ஸ்கோரு, கடன ஒழுங்காக் கட்டறவனான்னு பேங்க்குல போடற மார்க்கு. எழுநூத்தம்பது கொண்டுட்டு வந்தாத்தான் பொண்ணப் பத்திப் பேச்சுன்னு சொன்னனல்லோ?

– எழுநூத்தி எழுவத்தொண்ணுங்க.

– போனக் காட்டு. அட, நெசந்தான். மைனஸ் ஒண்ணா இருந்த பையன்.

– அதையும் நீங்கதான் சொன்னீங்க மாமா. டீ நேரத்துல, டைலருங்க அத்தன பேரு முன்னால. "இவம் பேரத் தட்டுனா மைனஸ் ஒண்ணுன்னு வருது. கடனே வாங்காதவன், கணக்கே இல்லாதவன். பேங்க்குக்காரனப் பொறுத்த வரைக்கும் இப்புடி ஒரு ஆளே உலகத்துல இல்ல. இல்லாத ஆளுக்கு எப்புடிப் பொண்ணு குடுக்கறது?"ன்னு. அன்னைக்கிருந்து கீழ நா வேல பாத்த கட்டிங் டேபிள்ல என்னைய எல்லாரும் மைனஸ் ஒண்ணுன்னுதான் கூப்புட்டாங்க. தமிழே தெரியாத பீகார் பசங்ககூட அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் நல்லாப் பளகிட்டாங்க.

– சிரிப்புக்குச் சொன்னதுடா.

– சிரிச்சாங்கதானுங்க.

– என்ர மவ தேஜுகூடச் சிரிச்சா.

– பாத்தேனுங்க மாமா. மத்தவிய சிரிச்சதெல்லாம் மறந்துபோச்சு.

– சரி, எப்புடி ஏத்துனே? ஆரு கடன் குடுத்தாங்க உனக்கு?

– ஆரும் குடுக்கலீங்க. எஃப்டி கார்டு. பேங்க்குல இருபதாயிரம் டெபாசிட் போட்டா, அத ஈடா வெச்சுக்கிட்டு ஒரு கார்டு தருவாங்க. அதுல பெட்ரோலு, மளிகைன்னு கொஞ்சங் கொஞ்சமாத் தேச்சு, பில்லு வந்ததும் முழுசாக் கட்டிரோணும். மினிமம்னு ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும், அதுல மயங்குனா முடிஞ்சுது. சனிக்கெழம சம்பளம் வாங்குனதும் மொத வேல அதுக்கு எடுத்து வெக்கறதுதான். ரேசன் அரிசி தின்ன வாரத்துலகூடக் கார்டுப் பாக்கி நின்னதில்லீங்க.

– அப்பப் பேங்க்குக்காரன் உன்னைய நம்பலடா.

– என்னங்க?

– உங் காசப் புடிச்சு உள்ள பூட்டிட்டு, உங் காசையே உனக்குக் கடனாக் குடுத்து, திருப்பிக் கட்டறயான்னு வேடிக்க பாத்திருக்கறான். நாயக் கயித்துல கட்டிப் போட்டுட்டு, பாரு ஓடாம நிக்குது, நல்ல நாயின்னு சொன்ன மாதிரி.

– ஆமாங்க மாமா. நல்ல நாயின்னு சொல்லிட்டாங்க. நீங்க கேட்டதும் அதத்தானுங்களே.

– கோவிச்சுக்காத கண்ணு. மாமன் பேச்சு அப்புடித்தான்.

– கோவமில்லீங்க. ஒண்ணு மட்டுஞ் சொல்லிர்றேன். அம்மாவ ஆசுபத்திரில சேத்துன அன்னைக்குக் கையில எட்டாயிரம் இருந்துச்சு. கார்டு பில்லுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாளு. தவறுனா அதுவரைக்கும் ஏத்துனதெல்லாம் எறங்கிரும். மொத அதக் கட்டிட்டுத்தான் மருந்து வாங்கப் போனேன். மருந்துக்குப் பத்தல. உங்களுக்குப் போன் அடிச்சேன்.

– ஷிப்மெண்டு நேரம் கவினு. போனக் கையில எடுக்கவே முடியல.

– தெரியுமுங்க. மறுநாளு நேராச் சுடுகாட்டுக்கு வந்தீங்க. கோடித் துணியப் போத்திட்டு, காரக்கூட ஆப் பண்ணாம கெளம்பிட்டீங்க. உங்க நெம்பருக்காக எங்கம்மா மருந்த நிறுத்துனவன் நானு. உங்களக் குத்தஞ் சொல்லி என்னாகப் போவுது?

– பழசையே பேசிட்டிருந்தா நல்ல காரியம் எப்புடி நடக்கும்? தேஜு, மோரு கொண்டா. ஆரு வந்திருக்கறாங்கன்னு பாரு.

– வாங்க மச்சான்.

– நல்லாருக்கறயா அம்மிணி?

– இருக்கறனுங்க. எளச்சுட்டீங்க. மோரக் குடிங்க.

– அவ காதப் பாரு கவினு. பிளாஸ்டிக் தோடு. இந்தக் கிட்டுசாமி மவ, பத்து ரூவாத் தோடு போட்டுட்டுத் திரியறா. நீங்க தட்டோட வந்துட்டுப் போன அடுத்த வாரம், திருமுருகம்பூண்டித் தேரு பாக்கப் போறேன்னு போயி, அரப் பவுனு கம்மலத் தொலச்சுட்டு வந்து நின்னா. அன்னைக்கு அடிச்ச அடியில ஒரு காது இன்னும் அவளுக்குச் சரியாக் கேக்கறதில்ல. தொலைக்கறவளுக்குப் பவுனு எதுக்குன்னு நானும் வாங்கித் தரல.

– அப்பா, அது எதுக்குங்க இப்ப?

– உன்ர யோக்கியத அவனுக்கும் தெரியட்டும். நீ உள்ள போவாத, நில்லு. வந்த மாப்பள அத்தன பேரையும் வேண்டாம்னவ நீ. இப்ப நாஞ் சொல்றதக் கேட்டுக்க. கவினு, சுத்தி வளைக்கல. பொண்ணு உனக்குத்தான். ஆவணில வெச்சுக்கலாம்.

– மிச்சத்தையும் சொல்லுங்க மாமா.

– என்ன மிச்சம்?

– பொண்ணு எனக்குன்னுட்டு நீங்க கடியாரத்தப் பாத்தீங்க. அதான் கேட்டேன்.

– அஞ்சு மணிக்கு ஒரு பேங்க்குக்காரரு வர்றாரு. ஒரு கையெழுத்துப் போடோணும். அவ்வளவுதான்.

– எதுக்குங்க?

– ஒரு கண்டெய்னரு சரக்கு, சாயம் ஒட்டலீன்னு திரும்பி வந்துருச்சு. எக்ஸ்போர்ட்டுன்னா வரும் போகும். தவண நின்னுபோச்சு. நாளைக்குக் காலைல மிசினெல்லாந் தூக்கறம்னு நோட்டீசு ஒட்டிட்டாங்க. வேற பேங்க்குல புதுசா லோன் போட்டு இத அடச்சுரலாம். ஆனா என்ர பேருல தர மாட்டாங்களாமா. சுத்தமான பேரு ஒண்ணு கூட வேணும்.

– உங்க நெம்பரு எத்தனைங்க மாமா?

– அது எதுக்கு உனக்கு?

– பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால நெம்பரு கேக்கறது நம்ம குடும்பத்து மொறதானுங்களே.

– ஐநூத்திப் பன்னண்டு.

– சத்தமாச் சொல்லுங்க.

– டேய்.

– டீ நேரத்துல சொன்ன மாதிரி. இன்னைக்குத்தான் கீழ சிரிக்கறதுக்கு ஆருமில்லீங்களே.

– ஐநூத்திப் பன்னண்டு. போதுமா?

– அப்பாவ உட்டுருங்க மச்சான். மூணு நாளா அவரு சோறு திங்கல.

– நீ சும்மா இரு அம்மிணி. அன்னைக்கும் சும்மாதான் நின்னே. சும்மா நின்னிருந்தாக்கூடப் பரவால்ல, சிரிச்சே.

– அப்பா என்ர மூஞ்சியவே பாத்துட்டு நின்னாருங்க. சிரிக்கலீன்னா அவருக்குத் தெரிஞ்சுரும்னு சிரிச்சேன்.

– என்ன தெரிஞ்சுரும்?

– அதெல்லாங் கல்யாணத்துக்கு அப்பறம் ரெண்டு பேரும் பேசிக்கங்க. கவினு, நேரம் ஆவுது. என்ன சொல்றே?

– ஒருக்காக் கேளுங்க மாமா. என்ர பொண்ணக் கட்டிக்கன்னு.

– அதத்தானடா சொன்னேன்.

– பொண்ணு உனக்குத்தான்னு சொன்னீங்க. அது குடுக்கறவங்க பேச்சு. கேக்கறவங்க மாதிரி ஒருக்காச் சொல்லுங்க. எங்கம்மா இந்த டீப்பாய்க்கு முன்னால நின்னு கேட்டாங்களே, அந்த மாதிரி.

– கவினு. என்ர பொண்ணக் கட்டிக்க சாமி. கீழ அறுவது பேரு பொழப்பு நிக்குது. எங்கப்பங் காலத்துத் தோட்டம் ஈட்டுல கெடக்குது. கட்டிக்க.

– தேஜு, கேட்டயா?

– கேட்டனுங்க. இந்தக் காதுல கேட்டுச்சு. மிசினுக்குப் பதிலா என்னைய வெச்சு அப்பா பேசறாரு, அவரக் குனிய வெக்கறதுக்கு என்னைய வெச்சு நீங்க பேசறீங்க. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது மச்சான். ஆனாலும் சொல்லிர்றேன். நீங்க கையெழுத்துப் போட்டாலுஞ் சரி, போடலீன்னாலுஞ் சரி, கூப்புட்டா நா வந்தர்றேன். ரெண்டு வருசமா அதுக்குத்தான் உக்காந்திருக்கறேன்.

– பாத்தயா? வாயத் தொறக்காதவ, அவளே சொல்லிட்டா. அப்பறம் என்ன?

– அம்மிணி, தட்டு மேல இருக்கற துண்ட எடு.

– எதுக்குங்க?

– எடு.

– மச்சான், இது பத்திரிக்கைங்க.

– மஞ்சத் தடவுன மொதப் பத்திரிக்க. தாய்மாமனுக்குத்தான மொத வெக்கோணும். பேரப் படி. உங்கப்பாவுக்குக் கேக்கட்டும்.

– கவின். வினிதா.

– ஆருடா வினிதா?

– உங்க கம்பெனில செக்கிங்ல இருந்த புள்ளைங்க மாமா. ஓட்ட பீஸ உட்டுட்டான்னு மூஞ்சில துணிய எறிஞ்சு வெளிய அனுப்புனீங்களே, அந்தப் புள்ள. அன்னைக்குக் கேட்டுல நின்னு அழுதுட்டிருந்தா. நாந்தான் பஸ்சேத்தி உட்டேன். எல்லாரும் மைனஸ் ஒண்ணுன்னு கூப்புட்டப்ப, உங்க பேரு என்னங்கன்னு கேட்டா.

– அப்ப இந்தத் தட்டு?

– பொண்ணு கேக்க வந்தேன்னு நா ஒரு வார்த்த சொல்லலீங்க. நீங்களா டீப்பாய் மேல வெக்கச் சொன்னீங்க, நீங்களா ஆவணின்னீங்க. நா கூப்புட வந்தேன். தாய்மாமன் நீங்க, முன்னால நின்னு சீரு செய்யோணும். முடியலீன்னாப் பரவால்லீங்க, வந்து சாப்புட்டுட்டுப் போங்க.

– கவினு, கோவத்துல பேசாத. கல்யாணத்த ஆரையோ பண்ணிக்க. கையெழுத்த மட்டும் போட்டுரு.

– பொண்ணு பேச்சு அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா மாமா?

– உன்ர கால்ல உளுகட்டுமா?

– வேண்டாமுங்க. வேலம்பாளையத்துல நாங்க எட்டு மிசின் போடறம். லோன் சேங்சன் ஆயிருச்சு. இன்னொருத்தரு கடனுக்கு ஜாமீனா நானும் நின்னா என்ர பேரு கெட்டுரும். இல்லாத ஆளா இருந்து சம்பாரிச்ச பேரு அது.

– நன்றி கெட்ட நாயே.

– நல்ல நாயிங்க மாமா. நீங்கதான் சொன்னீங்க. இப்பக் கயிறு இல்ல, அவ்வளவுதான். கார்டையும் முடிச்சுட்டேன். அந்த எஃப்டிய ஒடச்சுத்தான் நேத்துத் தாலிக்குப் பவுனு எடுத்தேன். நீங்க தட்டச் செருப்பு மேல வெச்சனுப்புனதுக்குப் பத்து நாள்ல எங்கம்மா எங்கயோ பொரட்டிக் கொண்டாந்து குடுத்த காசு. இந்த ஊட்டுல இருந்து ஒரு ரூவா வாங்காம மேல வந்தேன்னு நாளைக்கு என்ர புள்ளைக்குச் சொல்லுவேன்.

– தாலி எடுத்தாச்சுங்களா மச்சான்?

– ம். எடுத்தாச்சு.

– நல்லாருக்குதுங்களா?

– அதெதுக்கு உனக்கு?

– சும்மா கேட்டனுங்க. காசு எங்க பொரட்டுனாங்கன்னு அத்தை கடைசி வரைக்கும் உங்ககிட்டச் சொல்லலைங்களா?

– கேட்டேன். கேட்டப்பவெல்லாம் அழுதாங்க. ஆசுபத்திரில வெச்சும் கேட்டேன், சத்தியம் பண்ணிட்டேன்னாங்க. ஆருக்குப் பண்ணுனாங்கன்னு தெரியல. ஏன், உனக்குத் தெரியுமா?

– அப்பா, என்ர கம்மலு பூண்டித் தேருல தொலையலீங்க.